நினைவாற்றல் பிறவிக் கொடையோ?

(அம்பத்தூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனமானது ஒன்றனைக் காண்பதும், கருதுவதும், நினைவில் இருத்துவதும் எங்ஙனம் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃது உளநூலார்க்கு உரியதாயிற்றே, குடும்பம் நடத்தும் நமக்கு இதனாற் பயன் யாதென வினவுவீராயின், விடை கூறுவல். ‘என் மகனுக்கு ஞாபகசக்தி இல்லை, படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லி, ஒன்பதாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்தித் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு அனுப்பக் கருதும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். ‘நம் குலத்தார்க்குக் கல்வி அவ்வளவுதான்’ என்று ஒரு படி மேற்சென்று உரைப்பாரும் உளர். இவ்வுரை மெய்தானா என்று ஆராய்தலே என் நோக்கம்.

முதற்கண் காட்சியை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்து, ஐம்புலன்களுக்கும் மேலாக மனத்தை ஆறாவதாக வைத்தார். அவ்வைப்பு முறை பொருளுடையது. கண் ஒளியை வாங்குகின்றது. இன்ன பொருளென்று துணிவது மனமே. அந்திப் பொழுதில் வழியிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணி அஞ்சுகின்றோம். ஆண்டுப் பிழைத்தது கண் அன்று, துணிவே. ஆதலின், ஒரே கரும்பலகையை நோக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரே பாடத்தைக் காண்கின்றனர் என்று கொள்ளற்க. பின்னக் கணக்கை முன்னரே அறிந்தவனுக்கு வட்டிக் கணக்கு விளங்கித் தோன்றும். அறியாதவனுக்கு அது வெறுங் கோடுகளே. அவனுக்கு வேண்டுவது முன் வகுப்புப் பாடம், வசை அன்று.

இரண்டாவது கவனம். செரி என்னும் ஆங்கில அறிஞர் 1953-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஒருவருடைய இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சுக்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, ஒரு செவியிற் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றைச் செவியிற் புகுந்த பேச்சின் பொருளைப் பின்னர் வினவியபோது, கேட்டவர் ஏறக்குறைய ஒன்றுமே கூற இயலாராயினர். செவியிற் படுவது வேறு. கருத்திற் படுவது வேறு என்பது இதனாற் பெறப்படும். தொலைக்காட்சி அலறும் கூடத்தில், கைப்பேசி அருகிற் கிடக்கப் படிக்கும் பிள்ளைக்கு மறதி என்று பழி கூறுகின்றோம். உள்ளே புகாத ஒன்றை மறத்தல் எங்ஙனம்?

மூன்றாவது, உடனினைவு. மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1956-இல், மனம் ஒரே வேளையில் ஏழு கூறுகளையே, இரண்டு கூடியோ குறைந்தோ, பற்றும் என்று எழுதினார். பிற்காலத்தார் அவ்வளவு நான்கே என்றும் கருதுவர். எனினும் கூறு என்பது யாது என்பதை நோக்குக. அம்பத்தூரின் அஞ்சற் குறியீடு 600053, ஆவடிக்கு 600054, பூவிருந்தவல்லிக்கு 600056. வெளியூரார்க்கு இவை ஒவ்வொன்றும் ஆறு இலக்கம். சென்னைக் குறியீடுகளெல்லாம் 600 என்றே தொடங்கும் என்றறிந்த நமக்கோ, இறுதி மூன்றெழுத்தே நினைக்கத் தக்கன. மனத்தின் கை சிறிதேயாயினும், பொருளறிந்து கட்டிய கட்டுக்களை அக்கை எளிதில் ஏந்தும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அவதானக் கலையாகவே வளர்த்தனர். அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்கு வினவுவார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகின்மேற் சிறு கல்லெறிவார், அனைத்திற்கும் அவதானி விடை கூறல் வேண்டும். நமக்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லியின் பெயரைத் தாங்கிய பூவை கலியாணசுந்தர முதலியார் அட்டாவதானியாக விளங்கியவர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார்.

இத்தகையோர் பிறவியிலேயே வேறுபட்ட மனமுடையர் போலும் என்று ஐயுறுவார்க்கு ஓர் ஆய்வு கூறுவேன். 1980-இல் அமெரிக்காவில் வெளியான அவ்வாய்வில், ஒருமுறை கேட்டு ஏழு இலக்கங்களையே திருப்பிச் சொல்ல வல்ல ஒரு சாதாரண மாணவர், ஏறத்தாழ 20 திங்களில் 230 மணி நேரம் பயின்று, 79 இலக்கங்கள் வரை பிழையின்றிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கட்டிக்கொண்டார். எழுத்துக்களைக் கொடுத்தபோதோ பழையபடி ஆறளவிலே நின்றார். வளர்ந்தது பயிற்சியே என்பது வெளிப்படை. இதிற் குலத்திற்கு இடம் எங்கே?

இனி மறதி. செருமானிய அறிஞர் எபிங்காசு என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் நூலாக்கினார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் நழுவின. பின்னர் நழுவுதல் மெதுவாயிற்று. ஆகவே மறத்தல் மந்தபுத்தியின் அடையாளம் அன்று, மனத்தின் இயல்பு.

அதற்கு மருந்து யாது? ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஆசிரியர்பாற் கேட்பதால் வருவது காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், தானே பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்றும் விதித்தார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் அமெரிக்காவில் இதனோடு ஒப்பதொரு முடிவையே கண்டனர். ஒரு பகுதியை நான்கு முறை படித்தோர் ஒரு வாரங்கழித்து நூற்றுக்கு 40 பங்கே நினைவுகூர்ந்தனர். ஒரு முறை படித்து, மும்முறை பாராது நினைவுகூர்ந்து எழுதியோர் 61 பங்கு கூறினர். வியப்பென்னெனின், திரும்பத் திரும்பப் படித்தோரே தமக்கு மிக நன்றாக நினைவிருக்கும் என்று நம்பியிருந்தனர்!

தாய்மார்களே! இஃது உங்கட்கே உரிய செய்தி. எழுத்தறியாத தாயும் இம்மருந்தைத் தரலாம். மாலையிற் பத்து நிமிடம் பிள்ளையை அருகமர்த்தி, ‘இன்று பள்ளியில் என்ன சொன்னார்கள்? புத்தகத்தை மூடிவைத்து எனக்குச் சொல்லு கண்ணு’ என்று கேளுங்கள். மறுநாளும், ஒரு வாரங்கழித்தும் அதனையே கேளுங்கள். அவன் தடுமாறும் இடத்தில் ஏசாதீர்கள். அவ்விடத்தைப் புத்தகத்திற் பார்த்து மீண்டும் சொல்லச் செய்யுங்கள். தேர்வுக் காலத்தில் உறக்கத்தைக் கெடுத்து எழுப்பாதீர்கள். படித்தது நிலைபெற உறக்கமும் வேண்டும்.

பெரியோர்களே! இதனை ஓர் ஆண்டு செய்து பாராமல் எப்பிள்ளையையும் பள்ளியினின்று நிறுத்துவதில்லை என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்ளுமாக. கேட்பார் இல்லாத வீட்டுப் பிள்ளைகட்கு, வாரம் இருமுறை நம் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து கேட்க, படித்த இளைஞர் சிலர் முன்வருவாராக. நினைவாற்றல் இல்லாத பிள்ளை என்று நாம் கைவிடுவாருட் பலர், சொல்லக் கேட்பார் இல்லாத பிள்ளைகளே என்பதை மனத்திற்கொள்ள வேண்டுகின்றேன்.