அபாய விளையாட்டுகள்: தடையா, தன்விருப்பமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் பெரியோர் நிறைந்த இம்மேடையில் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் பொறுமையை நம்பியே பேசத் துணிகின்றேன்.

எடுத்துக்கொண்ட விஷயம் இது: உடலோடு உடல் மோதும் அபாயமான விளையாட்டுகளை நாம் தடுக்க வேண்டுமா, அல்லது அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டுமா? இந்த வழக்கு மன்னாரிலே மாலை தோறும் நடப்பதுதான். காலை நொண்டிக்கொண்டு வரும் மகனைக் கண்டு, "இனி அந்தப் பக்கம் போகாதே" என்கிறாள் தாய். "என் கால், என் ஆட்டம்" என்கிறான் மகன். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இருவரும் காணாத ஒன்றும் உண்டு. அதைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் தாயின் கட்சியைக் கேட்போம்.

குத்துச்சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 மார்ச் மாதத்தில் நியூயோர்க் நகரில், தொலைக்காட்சியில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, கியூபா நாட்டு வீரர் பெனி பாரெட் மூலையில் ஒடுக்கப்பட்டு அடிபட்டார். நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3 ஆம் திகதி மாண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சிலே டேவி மூர் என்னும் அமெரிக்க வீரரும் அவ்வாறே இறந்தார். மற்ற விளையாட்டுகளில் தலைக் காயம் தற்செயலாக வருவது. குத்துச்சண்டையிலோ எதிரியின் தலையைத் தாக்குவதே வெற்றிக்கு வழி. இக்காரணத்தாலேயே பிரித்தானிய வைத்தியச் சங்கத்தார் 1982 முதலாக அதைத் தடைசெய்யும்படி கேட்டனர். அவர்களுக்கு முன்பே ஐஸ்லாந்து 1956 இலும், சுவீடன் 1970 இலும், நோர்வே 1981 இலும் சட்டம் செய்து தடுத்தன. முதலாவது நாடு குத்துச்சண்டை முழுவதையும், மற்ற இரண்டும் பணத்துக்காக ஆடும் குத்துச்சண்டையையும் தடுத்தன.

ஆனால் பின்னர் நடந்தது என்ன? ஐஸ்லாந்து 2002 இல் பணத்துக்கல்லாத குத்துச்சண்டைக்கு இடமளித்தது. சுவீடன் 2006 இல் விதிகளோடு கதவைச் சற்றே திறந்தது. நோர்வே 2014 இல் தன் தடையை நீக்கியது. மனிதனுக்கு வீரத்தில் உள்ள ஆசையைச் சட்டம் ஒன்றினால் மட்டும் அணைத்துவிட முடியவில்லை.

கடலுக்கு அப்பால் நம் இனத்தவரிடையிலும் இதே கதையைக் காணலாம். முல்லைக்கலி பாடிய ஏறுதழுவுதலின் வழிவந்தது சல்லிக்கட்டு. 2006 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடுத்தபொழுது, வேடிக்கை பார்க்கச் சென்று மாடு முட்டி மாண்ட ஒரு வாலிபனின் தந்தையும் அவ்வழக்கில் நியாயம் கேட்டு நின்றார். மாட்டை அணையப் போனவன் தன் விருப்பத்தால் போனான் எனலாம். ஓரத்தில் நின்றவன் எதை விரும்பினான்? 2009 இல் தமிழ்நாடு அரசு விதிமுறைச் சட்டம் இயற்றியது. 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளி விளையாட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரீனாக் கடற்கரையில் இளைஞர் கூட்டம் கூட்டமாக அமர்ந்தனர், சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இன்று இரட்டை வேலியும் வைத்தியப் பரிசோதனையும் வேண்டும் என்பது விதி. அவ்வளவு இருந்தும் உயிர்கள் போகாமல் இல்லை. எனினும் அந்த வேலி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முற்றாகத் தடுத்ததாலும் வரவில்லை, முற்றாக விட்டுவிட்டதாலும் வரவில்லை. வாதாடி வாதாடி வந்தது.

இனி மகனின் கட்சி.

விவேகானந்த சுவாமிகள் சென்னை வாலிபருக்கு உரைத்தபொழுது, பலமுள்ள தேகமே முதலில் வேண்டும் என்பதற்காக, கீதைப் படிப்புக்கும் முன்னே உதைபந்தாட்டத்தை வைத்தார். நான் பயின்ற மிஷன் பாடசாலையிலும் மைதானம் ஒரு வகுப்பறையாகவே இருந்தது. விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கவும், தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கவும் புத்தகத்தில் கற்க முடியாது. ஆபத்தே இல்லாத இடத்தில் தைரியம் எப்படி வளரும்? காயத்துக்கு அஞ்சி மைதானத்தைப் பூட்டினால், வாலிபன் அதற்குப் பதிலாகத் தேடிப்போகும் இடம் அதைவிட ஆபத்தானதாகவும் இருக்கலாம் அன்றோ?

கல்லூரியிலே நாங்கள் படிக்கும் ஜோன் ஸ்டுவர்ட் மில் என்னும் அறிஞர் 1859 இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலும் மகனுக்குத் துணைநிற்கும். ஒருவனுடைய சொந்த நன்மைக்கென்று சொல்லி அவனைப் பலவந்தப்படுத்தச் சமூகத்துக்கு உரிமை இல்லை என்பது அவர் கொள்கை. ஆனால் அதே மில் இரண்டு விலக்குகளையும் வைத்தார். ஒன்று, இந்தச் சட்டம் முதிர்ந்தவர்க்கே அன்றிச் சிறுவர்க்கு ஆகாது. மற்றொன்று, இடிந்துவிழும் பாலம் என்று அறியாமல் ஒருவன் அதில் கால் வைக்கப்போனால், எச்சரிக்க நேரமில்லாதபோது அவனைப் பிடித்து இழுப்பது அவன் சுதந்திரத்தைக் கெடுப்பதாகாது. ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. பாலத்தின் மேல் நடந்தே பெருநிலத்தைத் தொடும் மன்னார்த் தீவினர்க்கு இவ்வுதாரணம் எளிதில் விளங்கும்.

இங்கேதான், அன்பர்களே, தாயும் மகனும் காணாத அந்த ஒன்று இருக்கின்றது. கால் முறிந்தவன் "என்னால் ஆட முடியாது" என்று தானே சொல்வான். தலையில் அடிபட்டவன் அப்படிச் சொல்லமாட்டான். விரும்புவதும் தீர்மானிப்பதும் மூளையின் வேலை. அடிபட்டது அந்த மூளையே. ஆகவே, "தொடர்ந்து ஆடுகிறாயா?" என்று அவனைக் கேட்பது, குடித்திருப்பவனிடம் "வாகனம் ஓட்டுவாயா?" என்று கேட்பதை ஒக்கும். அவன் "ஓம்" என்றே சொல்வான். அந்த "ஓம்" தன்விருப்பம் அன்று.

மண்டையோட்டினுள்ளே மூளை, சட்டிக்குள் தயிர்போல மெத்தென்று இருக்கின்றது. சட்டி உடையாமலே தயிர் கலங்கலாம். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, அதிர்ச்சி அடைந்தவரிற் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், பார்வை மங்குதல், சற்றுமுன் நடந்ததை மறத்தல், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல் என்பனவே அடையாளங்கள். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், இளவயதினருக்கு மூளை சடுதியாக வீங்கி உயிரே போகலாம். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன், றக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பின்னும் ஆட்டத்தைத் தொடர்ந்து, மைதானத்திலே வீழ்ந்து இறந்தான். அவனை யாரும் வெறுத்து அனுப்பவில்லை. எல்லாரும் அவனை நேசித்தவர்களே. நிறுத்தச் சொல்ல வேண்டியவர்களுக்கு அறிகுறிகள் தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் 2006 இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறே தொடர்ந்து ஆடி, உயிர் தப்பியும் பெரும் ஊனம் அடைந்தான். அதன் பயனாக 2009 இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் செய்தது: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே சிறுவன் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும், வைத்திய அனுமதி எழுத்திலே கிடைக்காமல் திரும்பக் கூடாது. 2014 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை ஏற்றுவிட்டன. விளையாட்டை ஒரு மாநிலமும் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"குத்துச்சண்டையும் றக்பியும் நம் ஊரில் எங்கே?" என்று கேட்பீர்கள். சடுகுடுவில் நெஞ்சிலும் தலையிலும் அடிபடுகின்றது. 2022 இல் பண்ருட்டிப் பக்கத்தில் இளம் வீரர் ஒருவர் ஆடுகளத்திலேயே உயிர்நீத்தார். நம் உயிரான உதைபந்தாட்டமும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்து வீரர் ஜெவ் ஆஸ்டில், தலையால் அடிப்பதில் பேர்பெற்றவர், 2002 இல் 59 வயதில் மூளை நலிந்து இறந்தார். அது தொழிலால் வந்த நோய் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2019 இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் 7,676 பழைய ஸ்கொட்லாந்து வீரர்களை ஆராய்ந்து, மூளை நலிவு நோயால் இறப்பது மற்றோரைவிட அவர்களிடையே ஏறக்குறைய 3.5 மடங்கு என்று கண்டனர். மறு ஆண்டே ஸ்கொட்லாந்திலே 12 வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் பந்தைத் தலையால் அடிப்பது நிறுத்தப்பட்டது. ஆயினும் அதே ஆராய்ச்சியில், அவ்வீரர்கள் இருதய நோயால் இறப்பது குறைவு என்றும் கண்டனர். ஆகவே ஆட்டம் நன்மையே. காக்க வேண்டியது தலை.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். பாரதப் போரின் முடிவிலே, கதாயுத்தமென்று துரியோதனன் தானே விரும்பி ஏற்றான். வீமனும் விரும்பியே நின்றான். இரு பக்கமும் சம்மதம் இருந்தது. இருந்தும், நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்ற விதியை மீறி வீமன் தொடையை முறித்தபோது, இருவருக்கும் குருவாகிய பலராமர் கலப்பையை ஓங்கி எழுந்தார். ஆடுவோரின் சம்மதத்துக்கு மேலே விதி ஒன்று உண்டு, அதைக் காக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

இன்னும் அண்மையில், நம் கரையிலேயே சான்று உண்டு. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணுங்கள். கல்லைக் காலில் கொண்டு கடலடிக்கு இறங்குபவன் தன் நெஞ்சின் மூச்சையே முதலாக வைத்து இறங்கினான். சுறாவைக் கட்ட மந்திரம் தெரிந்த கடல்கட்டி ஒருவரையும் அரசினர் சம்பளம் கொடுத்து வைத்திருந்தனர். மந்திரம் பலித்ததோ இல்லையோ, கயிறு பலித்தது. மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே அசைவு தெரிந்ததும் இழுப்பார். "இன்னும் கொஞ்சம் சிப்பி அள்ளவா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பார்கள் என்றும் சொல்லக் கேட்கின்றோம். தன் சகோதரியின் தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் அல்லவா! குளிப்பது அவனவன் துணிவு. இழுப்பது கயிறு பிடிப்பவர் கடமை. கயிற்றால் குளிப்பவனுடைய வீரம் குறைந்துவிட்டதா?

நம் மைதானங்களில் அந்தக் கயிறு யார் கையில் இருக்கின்றது? இருவர் தலை மோதி விழுந்தால், ஓடிப்போய்த் தண்ணீர் தெளிக்கின்றோம்; எழுந்து நின்றால் கைதட்டுகின்றோம்; "சிங்கம்!" என்று மறுபடியும் உள்ளே அனுப்புகின்றோம். பயிற்றுநருக்கு வெற்றி வேண்டும், அணித்தலைவருக்குக் கிண்ணம் வேண்டும், பையனுக்கு மானம் வேண்டும். நிறுத்தும் அதிகாரம் மட்டும் யாரிடமும் இல்லை.

ஆதலால் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோளை வைக்கின்றேன். ஒன்று, நமது சுற்றுப்போட்டிகளில் தலையில் அடிபட்டவர் எவரும் அன்று மீண்டும் ஆடலாகாது. அதைத் தீர்மானிப்பவர் எந்த அணியையும் சேராத ஒருவராக, மத்தியஸ்தருக்குச் சமமான அதிகாரம் உடையவராக இருக்க வேண்டும். இரண்டு, அவருக்குப் பதிலாக மேலதிக வீரர் ஒருவரை இறக்க இடமளிப்போம்; சர்வதேச உதைபந்தாட்ட விதிகளே 2024 முதல் இதற்கு வழிசெய்துள்ளன. தன் அணி குறைந்துவிடுமே என்று எவனும் வலியை மறைக்க வேண்டியதில்லை. மூன்று, 12 வயதுக்குட்பட்டோருக்குத் தலையால் அடிக்கும் பயிற்சி வேண்டாம். நான்கு, தலைமன்னாரில் விழுந்தவனை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுவர 30 கிலோமீற்றர் அளவு தூரம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன்பே வாகனம் தயாராக நிற்கட்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும் என்பதை ஒவ்வொரு பையனும் அறிந்திருக்கட்டும்.

பெரியோர்களே! எங்களை வீட்டில் பூட்டிவைக்காதீர்கள். மைதானத்தின் ஓரத்துக்கு வந்து நில்லுங்கள். வாலிப அன்பர்களே! "என் உடல், என் விருப்பம்" என்று மார்தட்டும்போது, அந்த விருப்பத்தையே அழிக்கவல்ல அடி ஒன்று உண்டு என்பதை மறவாதீர்கள். தோழனை வெளியே அழைத்துச் செல்பவன் கோழையல்லன், கயிறு பிடிப்பவன்.

முற்றாகத் தடுப்பதும் வேண்டாம். முற்றாகக் கைவிடுவதும் வேண்டாம். துணிந்தவன் இறங்கட்டும், மேலே ஒரு கை கயிற்றைப் பற்றியிருக்கட்டும். அந்தக் கை இவ்வாண்டு நம் சங்கத்தின் கையாக இருக்கட்டும்.