போராட்டக் களத்தின் சாட்சிகளைச் சிறையிலடைக்கும் அரசு

(ஊழியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

மக்கள் போராட்டத்தை ஒடுக்க முற்படும் அரசுக்குத் தடியும் கண்ணீர்ப்புகையும் மட்டும் போதுவதில்லை. அங்கே நடந்ததைக் கண்டவர்களும் பதிவு செய்தவர்களும் இல்லாமற்போக வேண்டும் என்பதும் அதன் தேவையாகிறது. போராட்டச் செய்தி சேகரிக்கச் செல்லும் பத்திரிகையாளர்கள் கைது செய்யப்படுவதன் பொருள் இதுவே. கைதாகிறவர் செய்தியாளர், குறிவைக்கப்படுவது போராட்டம்.

சிங்கு எல்லையில்

மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தில்லியின் எல்லைகளில் விவசாயிகள் திரண்டிருந்த நேரம். 2021 ஜனவரி 29 அன்று, உள்ளூர்வாசிகள் என்று சொல்லிக்கொண்ட ஒரு கும்பல் சிங்கு முகாமில் புகுந்து கற்களை வீசியது. காவல்துறையினர் அங்கிருந்தபோதே இது நடந்தது. அந்தக் கும்பல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மன்தீப் பூனியா என்ற இளம் செய்தியாளர் முகநூல் நேரலையில் எழுப்பினார். சில மணி நேரத்தில், ஜனவரி 30 மாலையில், அவரே கைது செய்யப்பட்டார். காவலர்களைத் தாக்கிப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்பது குற்றச்சாட்டு.

பிப்ரவரி 2 அன்று ஜாமீன் வழங்கிய ரோகிணி நீதிமன்றத்தின் ஆணை இரண்டு உண்மைகளைச் சுட்டிக்காட்டியது. மோதல் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரம் மாலை ஆறரை மணி; முதல் தகவல் அறிக்கை பதிவானதோ நள்ளிரவு கடந்து 1.21 மணிக்கு. புகார் கொடுத்தவர், பாதிக்கப்பட்டவர், சாட்சி ஆகிய அனைவரும் காவலர்களே. மன்தீப், திகார் சிறையில் தான் சந்தித்த விவசாயிகளின் அனுபவங்களைத் தன் கால்களில் பேனாவால் குறித்துக்கொண்டு வெளியே வந்தார். செய்தியைத் தடுக்கச் செய்யப்பட்ட கைதே செய்தியானது.

ஹாத்ரஸ் செல்லும் வழியில்

எல்லோருக்கும் நான்கே நாளில் சிறைக் கதவு திறப்பதில்லை. 2020 செப்டம்பரில், உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் வன்கொடுமைக்கு ஆளான தலித் இளம்பெண் உயிரிழந்தார். அவருடைய உடலைக் குடும்பத்தாரின் விருப்பத்திற்கு மாறாகக் காவல்துறை இரவோடிரவாக எரித்தது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் நடுவே, அக்டோபர் 5 அன்று அங்கு சென்றுகொண்டிருந்த மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் மதுரா அருகே பிடிக்கப்பட்டார். வாடகைக் காரை ஓட்டி வந்த தொழிலாளி உள்ளிட்ட மூவரும் அவருடன் கைதாயினர்.

முதலில் சொல்லப்பட்ட காரணம், அமைதிக்குப் பங்கம் நேரும் என்ற அச்சம். உரிய காலத்திற்குள் விசாரணையை முடிக்காததால் அந்த நடவடிக்கை 2021 ஜூனில் கைவிடப்பட்டது. அதற்குள் உபா சட்டமும் தேசத்துரோகப் பிரிவும் அவர்மீது பாய்ந்திருந்தன. உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 9 அன்று ஜாமீன் வழங்கிய பிறகும், அமலாக்கத்துறையின் வழக்கு அவரை உள்ளேயே நிறுத்திவைத்தது. 2023 பிப்ரவரி 2 அன்றுதான் லக்னோ சிறையிலிருந்து அவர் வெளியே வந்தார். ஹாத்ரஸ் சென்று அவர் எழுத இருந்த செய்திக்கு விலை 28 மாதச் சிறை.

இது எப்படி முடிகிறது? உபா சட்டத்தின்படி, குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 180 நாள் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மையெனத் தோன்றினாலே ஜாமீனை மறுக்க வேண்டும் என்கிறது 43டி(5) பிரிவு. குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமே அரசுக்கு எழுவதில்லை. விசாரணைக் காலமே தண்டனைக் காலமாகிவிடுகிறது.

யார் சிறைக்குப் போகிறார்கள்?

டிராக்டர் பேரணியையொட்டி மூத்த பத்திரிகையாளர்கள் பலர் மீதும் பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. 2021 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் அவர்களைக் கைது செய்யத் தடை விதித்தது. அந்தத் தடை சரியானதே. ஆனால் மன்தீப் எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லாத சுயேச்சைச் செய்தியாளர். காப்பன் எழுதியது பெருமுதலாளி எவரும் பின்னால் இல்லாத ஓர் இணைய இதழில். பெரிய தொலைக்காட்சிகளைக் கைது செய்ய வேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இல்லை. நெட்வொர்க் 18 அம்பானியிடமும் என்டிடிவி அதானியிடமும் உள்ளன. களத்திற்கு நடந்து சென்று எழுதுகிற, பணிப் பாதுகாப்பற்ற உழைப்பாளியே சிக்குகிறார். அவர்களுக்கென இருந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது.

நியூஸ்கிளிக் வழக்கு இதன் அடுத்த கட்டம். 2023 அக்டோபர் 3 அன்று அதன் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா உபா சட்டத்தில் கைதானார். விவசாயிகள் போராட்டத்தை நீட்டிக்கத் துணைபோனதும் முதல் தகவல் அறிக்கையில் குற்றமாக எழுதப்பட்டிருந்தது. அவசரநிலைக் காலத்திலும் சிறை கண்டவர் அவர். கைதுக்கான காரணங்கள் எழுத்துபூர்வமாகத் தரப்படாததால் அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் ஏழு மாதங்கள் கழிந்திருந்தன.

இயக்கத்தின் கடமை

1908 ஜூலையில், கேசரி ஏட்டில் வெளியான எழுத்துகளுக்காகத் திலகருக்கு ஆறாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. காப்பன் மீது ஏவப்பட்ட அதே 124ஏ பிரிவுதான் அன்றும் பயன்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்து பதில் கொடுத்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் போராட்டத்தில் இறங்கியதை லெனின் வரவேற்று எழுதினார். பத்திரிகைச் சுதந்திரம் படித்தவர்களின் கவலை மட்டுமே என்று அந்தத் தொழிலாளர்கள் கருதவில்லை.

தோழர்களே, காப்பனுக்காக உச்சநீதிமன்றத்தின் கதவை முதலில் தட்டியது கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம். மன்தீப் கைதான மறுநாளே தில்லிக் காவல் தலைமையகத்தின் முன் செய்தியாளர்கள் திரண்டனர். இந்தப் பணியில் வெகுஜன அமைப்புகளும் தோள்கொடுக்க வேண்டும். போராட்டக் களத்தில் செய்தியாளர் எவரேனும் பிடிக்கப்பட்டால், நேரத்தையும் இடத்தையும் அங்கேயே குறித்து வைக்க வேண்டும். ஆறரை மணிக்கும் 1.21 மணிக்கும் இடையிலான இடைவெளியே ஒரு வழக்கின் பலவீனத்தைக் காட்டியது. கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேட்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு உறுதியளித்தபடி 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்படுகிறாரா, வழக்கறிஞர் உடனிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் எந்த ஏட்டைச் சேர்ந்தவர், அந்த ஏடு இயக்கத்தை ஆதரிக்கிறதா என்ற கேள்விகள் இதில் குறுக்கே வரக் கூடாது.

124ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2022இல் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் அது வேறு சொற்களில் திரும்பியிருக்கிறது. உபா சட்டத்தையும் இந்தப் பிரிவையும் நீக்கக் கோரும் இயக்கத்தை, கூலிக்கும் நிலத்திற்குமான போராட்டங்களோடு சேர்த்தே நடத்த வேண்டும். நாளை அந்தப் போராட்டங்களின் மீது தடியடி நடக்கும்போது, நடந்தது இதுதான் என்று சொல்ல ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.