சிலாஜித் சாப்பிட்டா தூக்கம் போயிடுமா?

கொஞ்ச நாளா ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. "சிலாஜித் எடுத்தா தூக்கம் கெடுமா?" இன்னொரு கூட்டம் நேரெதிரா கேக்குது, "சிலாஜித் எடுத்தா நல்லா தூக்கம் வருமாமே?" ரெண்டு பேருக்கும் சேர்த்தே இன்னைக்குப் பேசிடறேன். நான் டாக்டர் கிடையாது. எட்டு மாசம் அதைச் சாப்பிட்டு, தூக்கத்தைத் தொலைச்சு, ஒருநாள் வண்டியோட கீழே விழுந்த ஆள். அந்தத் தகுதியிலதான் பேசறேன்.

முதல்ல அது என்னன்னு சுருக்கமா. இமயமலை, அல்தாய், காகசஸ் மாதிரி உயரமான மலைகள்ல, வெயில் காலத்துல பாறை இடுக்குல இருந்து கசியற கருப்புப் பிசின். செடிகொடிகள் ரொம்பக் காலம் பாறைக்கு நடுவுல மட்கி உண்டானதுன்னு சொல்றாங்க. ரஷ்யாவுல மூமியோ. நம்ம சித்த மருத்துவத்துல கன்மதம். யானைக்கு மதநீர் வழியற மாதிரி கல்லுல இருந்து வழியறதால அந்தப் பேர். 1998ல மோகன்லால், மஞ்சு வாரியர் நடிச்ச மலையாளப் படத்துக்கும் இதே பேருதான். உள்ளே ஃபுல்விக் அமிலம் இருக்கு, கூடவே இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் மாதிரி தாதுக்கள். விளம்பரத்துல "85 மினரல்"னு போடுவாங்க. எது எத்தனை மில்லிகிராம்னு தேடினா, நான் வாங்கின டப்பாவுல ஒரு வரி கூட இல்லை.

சரி, என் கதை. அப்போ எனக்கு 27 வயசு. பெருங்குடியில வேலை, வேளச்சேரியில ரூம். டீம்ல பாதிப் பேர் அமெரிக்காவுல, அதனால கால் முடியவே ராத்திரி பதினொன்றரை ஆயிடும். காலைல எழுந்தா, தூங்கின மாதிரியே இருக்காது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். ஜிம்முக்குப் போற ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னான், "இயற்கையானது, சைடு எஃபெக்ட்டே இல்லை, ட்ரை பண்ணு."

வாங்கினேன். பிராண்ட் பேர் வேண்டாம். அரிசி அளவு கிள்ளி, சூடான பால்ல கரைச்சு, படுக்கறதுக்கு முன்னாடி குடிக்கணும். புதுசா தார் போட்ட ரோட்டை நக்கின மாதிரி இருக்கும் (நக்கினதில்லை, ஆனா அப்படித்தான் இருக்கும்). முதல் ரெண்டு வாரம் பிரமாதம். சுறுசுறுப்புன்னா அப்படியொரு சுறுசுறுப்பு. காசு கொடுத்து வாங்கின பொருள் வேலை செய்யணும்னு நாமே ஆசைப்படுவோமில்லையா, அதுல பாதி அந்த ஆசைதான்னு இப்போ தோணுது.

மூணாவது வாரம் பழைய களைப்பு திரும்பிடுச்சு. கூடவே இன்னொண்ணு. ராத்திரி படுத்தா காலுக்குள்ள என்னமோ ஊர்ற மாதிரி, சோடா பொங்கற மாதிரி ஒரு உணர்ச்சி. வலின்னு சொல்ல முடியாது. காலை ஆட்டினா சரியாகும், நிறுத்தினா திரும்ப வரும். எழுந்து ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடப்பேன். போன்ல அம்மாகிட்ட சொன்னேன். "நாள் பூரா சேர்ல உக்காந்திருக்கிற காலுக்கு என்னடி குடைச்சல்? தைலம் தேய்ச்சுட்டுப் படு"ன்னுட்டாங்க.

யோசிச்சுப் பார்த்தா, அந்தக் கால் விஷயம் அதுக்கு முன்னாடியே லேசா இருந்திருக்கு. ஆனா எனக்கு ஒரு குற்றவாளி கைவசம் இருந்தானே! சிலாஜித் "எனர்ஜி" கொடுக்குது, எனர்ஜி ஜாஸ்தியாகி கால் துடிக்குதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். பாலை ராத்திரியில இருந்து காலைக்கு மாத்தினேன். அதுவும் சரிவரலைன்னு, சிலாஜித் போட்ட எனர்ஜி சாஷே ஒண்ணுக்கு மாறினேன். சாயங்காலம் 6 மணிக்கு ஒண்ணு, கால் முடியற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் மூணு மணி வரைக்கும் கண்ணே மூடலை.

அப்படியொரு மூணு மணிக்குத்தான் சாஷேயோட பின்பக்கத்தைப் படிச்சேன். பொடி எழுத்துல குவாரனான்னு இருந்துச்சு. கொரோனா இல்லை, குவாரனா. அமேசான் காட்டுக் கொடியோட விதை. எடைக்கு எடை பார்த்தா காபிக் கொட்டையை விட அதுல கஃபீன் ஜாஸ்தி.

இங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துட்டே போகும். அது போய் தன் இடத்துல உக்கார உக்காரத்தான் தூக்கம் சொக்கும். கஃபீன் என்ன பண்ணும்னா, பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த சீட்டைப் பிடிச்சுக்கும். அடினோசின் நின்னுட்டே வரும். களைப்பு எங்கேயும் போகலை, நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். படுக்கறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2013ல வந்தது. அப்பவும் தூக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சது.

வெறும் சிலாஜித் பிசின்ல கஃபீன் கிடையாது. அதனால "சிலாஜித் எடுத்ததுல இருந்து தூக்கமே இல்லை"ன்னு சொல்றவங்க முதல்ல டப்பாவைத் திருப்பிப் பாருங்க. குவாரனா, கிரீன் காபி, கிரீன் டீ சாறு, ஏதாவது ஒண்ணு கூட வந்திருக்கலாம். சரி, பிசின் மட்டும் எடுத்தா தூக்கத்துக்கு நல்லதா? அடிக்கடி காட்டற ஆய்வுகள் ரெண்டு. 2016ல வந்தது 45ல இருந்து 55 வயசு ஆண்களோட டெஸ்டோஸ்டிரோன் பத்தி, 2019ல வந்தது 63 ஆண்களோட தசை வலு பத்தி. ரெண்டுலயும் கேள்வி தூக்கம் இல்லை. ரெண்டுலயும் பொண்ணுங்க இல்லை. அதைக் காட்டித்தான் எனக்கு வித்தாங்க.

சாஷேயைத் தூக்கிப் போட்டேன். தூக்கம் மூணு மணியில இருந்து ஒண்ணரைக்கு வந்துச்சு. ஆனா கால் மட்டும் விடலை. ஒரு வியாழக்கிழமை காலைல, பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல ஸ்கூட்டியில போயிட்டிருந்தேன். கண்ணை மூடினது எனக்குத் தெரியாது. பின்னாடி லாரி ஹாரன் அடிச்சப்போதான் திறந்தேன். பிரேக்கைப் பிடிச்சதுல வண்டி சறுக்கிடுச்சு. முட்டி தேஞ்சதோட போச்சு. லாரிக்காரர் இறங்கி வந்து, "தூங்கிட்டியாம்மா?"ன்னுதான் கேட்டார். திட்டியிருந்தா கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

முட்டிக்குக் கட்டுப் போடப் போன இடத்துல அந்த டாக்டரம்மா முட்டியை ரெண்டு நிமிஷம்தான் பார்த்தாங்க. பீரியட்ஸ் எத்தனை நாள், ப்ளீடிங் ஜாஸ்தியா, சாப்பிட்ட உடனே டீ குடிப்பியா, ராத்திரி கால் எப்படி இருக்கும்னு வரிசையா கேள்வி. ரத்த டெஸ்ட் எழுதினாங்க. ஹீமோகுளோபின் 9.8. உடம்போட இரும்புக் கையிருப்பைக் காட்டற ஃபெரிட்டின் 6. வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை.

அந்தக் கால் குடைச்சலுக்குப் பேரே இருக்கு, ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். மூளையில டோபமைன் ஒழுங்கா வேலை செய்ய இரும்பு வேணும், அது குறைஞ்சா இப்படி வரலாம்னு சொன்னாங்க. சாயங்காலத்துக்கு மேல, அதுவும் சும்மா இருக்கும்போதுதான் படுத்தும். டீயும் காபியும் சாப்பாட்டுல இருக்கிற இரும்பு உடம்புல சேர்றதைத் தடுக்கும். நான் டிபனோட சேர்த்து ஃபில்டர் காபி குடிக்கிற பரம்பரை!

டப்பாவை எடுத்துக் காட்டினேன். "மேடம், இதுலயும் இரும்பு இருக்குன்னு போட்டிருக்கே?" அவங்க சிரிக்கலை. "இருக்கலாம்மா. உனக்குத் தேவையான அளவு இருக்கான்னு இதுல எழுதலை. ஈயம் இருக்கான்னும் எழுதலை." வீட்டுக்கு வந்து தேடினேன். அமெரிக்காவுல பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதிச்சு 2004ல ஒரு ஆய்வு வந்திருக்கு. அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் இதுல ஏதாவது இருந்துச்சு. ஈயம் சேர்ந்தா ஹீமோகுளோபின் உற்பத்தியே கெடும். அதாவது களைப்புக்குன்னு வாங்கற பொருளே, சுத்தம் பண்ணாததா இருந்தா, களைப்பைக் கொடுக்கலாம். எல்லா சிலாஜித்தும் அப்படின்னு சொல்லலை. என் டப்பாவை நான் டெஸ்ட் பண்ணவும் இல்லை.

இரும்பு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் போல ஆச்சு, கால் அடங்க. முதல் தடவை அலாரம் அடிக்கிற வரைக்கும் தூங்கின அன்னைக்கு, லேட் ஆயிடுச்சோன்னு பதறித்தான் எழுந்தேன்.

கோவம் டப்பா மேல இல்லை. எட்டு மாசமா உடம்பு ஒரே விஷயத்தைச் சொல்லிட்டிருந்துச்சு, நான் அதோட வாயை மூடத்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு வாங்கினேன். நான் மட்டும் இல்லை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, 2019-21ல, இந்தியாவுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 100ல 57 பேருக்கு ரத்தசோகை. அதுல எத்தனை பேர் "எனக்கு ஸ்டாமினா கம்மி"ன்னு நினைச்சுட்டு இருக்காங்களோ.

ஒரு விஷயம் மட்டும் குறிச்சுக்கோங்க. ஹீமோகுளோபின் டெஸ்ட்ல ஃபெரிட்டின் வராது, அதைத் தனியா எழுதணும். டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்காக இரும்பு மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. கூடுதலா சேர்ற இரும்பை வெளியேத்த உடம்புக்கு வழி கிடையாது.

டப்பா இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, முக்கால்வாசி மீதி. போன மாசம் தம்பி வந்தவன் அதை மோந்து பார்த்துட்டு, "அக்கா, ஆபீஸ்ல ரொம்ப டயர்டா இருக்கு, இதை நான் எடுத்துக்கவா?"ன்னான். முதல்ல ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வா, அப்புறம் பேசலாம்னேன். ஊசின்னா அவனுக்கு பயம். இன்னும் போகலை.