மூன்று முறை குடித்த சொட்டு மருந்து

(பர்லியாரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என் பெரியம்மா மகனுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும். 1987இல் வந்த காய்ச்சலோடு போன கால். "சொட்டு மருந்துக்குத் தூக்கிட்டுப் போகாம விட்டவ" என்று லைன் வீட்டில் பெரியம்மாவைப் பேசினார்கள். அவரும் அதை நம்பியே செத்துப்போனார். பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் அண்ணனின் தடுப்பூசி அட்டை கிடைத்தது. மூன்று தவணையும் தேதியோடு பதிவாகியிருந்தது.

அந்த அட்டைதான் என்னை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே ஒன்றைக் கவனித்தார். மேலைநாட்டுக் குழந்தைக்குப் போதுமான மூன்று தவணை நம் குழந்தைக்குப் போதவில்லை. ஐந்து தவணை கொடுத்துப் பார்த்த அவரது ஆய்வு 1976இல் வெளியானது. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக் குறைத்த கிருமி. அது குடலில் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். குடிநீரும் சாக்கடையும் கலக்கும் இடத்தில் வளரும் பிள்ளையின் குடலில் வேறு கிருமிகள் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். மருந்துக்கு அங்கே இடமில்லை.

1981இல் வேலூர் நகரத்தில் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இளம்பிள்ளை வாதம் அந்த ஊரில் கட்டுக்குள் வந்தது. நாடு முழுக்க அது நடந்தது 1995 டிசம்பரில். இடையில் பதினான்கு ஆண்டுகள். என் அண்ணனின் கால் அந்த இடைவெளியில்தான் போனது. ஆனால் பழி பெரியம்மாவுக்கு.

இதே கதை உத்தரப்பிரதேசத்திலும் நடந்தது. 2002இல் அங்கே நோய் பெருகியபோது, முஸ்லிம்கள் மருந்தை மறுக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி. மறுத்தவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல தவணை குடித்த பிள்ளைகளும் முடங்கினார்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது: ஒரு தவணை மருந்து தரும் பாதுகாப்பு உ.பி.யில் 9 விழுக்காடு, நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 21. நெரிசலும் சாக்கடையும் காரணம் என்றது. சாக்கடையைச் சரிசெய்வதைவிடத் தாயைத் திட்டுவது சுலபம், செலவில்லை.

பழைய பதிவேடுகளை நான் அதனால்தான் சந்தேகத்தோடு படிக்கிறேன். அவற்றில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும். 1980களின் தொடக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கால் ஊனமுற்ற குழந்தைகளை எண்ணிய பிறகுதான், இந்த நோய் நாட்டில் எவ்வளவு பெரிது என்று அரசுக்கே தெரிந்தது. எந்தத் தெருவில் வடிகால் இல்லை, அங்கே எந்தச் சாதி குடியிருக்கிறது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவங்களில் எங்கே?

கிருமி போனதை உறுதிசெய்ததும் சாக்கடைதான். மும்பையில் 2001 முதல் கழிவுநீரை எடுத்துச் சோதித்தார்கள். நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் சான்றிதழ் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க இரண்டாவது முறையாகச் சட்டம் போட்டார்கள். போலியோ போய்விட்டது. அது வந்த வழியில் இன்னமும் ஆளை இறக்குகிறார்கள்.

தவறாக நினைக்க வேண்டாம், மருந்து வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. இங்கிருந்து மலையேறினால் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. தடுப்பூசி தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனம் அது. 2008இல் அதன் உரிமத்தை நிறுத்திவைத்தபோது கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். சொட்டு மருந்து கொடுங்கள், எல்லாத் தவணையும் கொடுங்கள்.

அண்ணனிடம் அட்டையைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுடா" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான் ஞாயிறு வரை குன்னூரில்தான் இருப்பேன்.