மூக்கு ஏமாறும் இடத்தில் அறிவு காவல் நிற்கட்டும்!

(மதுரையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயுமா? பாயாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால்தானே மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை போடுகிறோம்! ஆனால் பாயும் என்று மூன்று விஞ்ஞானிகள் 1977இல் நிரூபித்துக் காட்டினார்கள். ஜப்பானின் ஹிடெகி ஷிராகாவா, நியூசிலாந்தில் பிறந்த ஆலன் மெக்டயார்மிட், அமெரிக்காவின் ஆலன் ஹீகர் ஆகிய அம்மூவருக்கும் 2000ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதன் தொடக்கம் எது தெரியுமா? ஒரு தவறு! ஷிராகாவாவின் ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் தயாரிக்கும்போது, சேர்க்க வேண்டிய வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள். வழக்கமான கருந்தூளுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் ஏடு ஒன்று வந்தது. நாமாக இருந்தால் குப்பையில் கொட்டியிருப்போம். அவர் "ஏன் இப்படி ஆனது?" என்று கேட்டார். பின்னர் மூவரும் சேர்ந்து அந்த ஏட்டில் அயோடின் ஆவியைப் படவிட்டபோது, அதன் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது.

இது எப்படி நடக்கிறது? தொழுகை வரிசையை எண்ணிப் பாருங்கள். தோளோடு தோள் நெருங்கி நிற்கும்போது யாரும் நகர முடியாது. நடுவில் ஒருவர் விலகினால்? பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்தை நிரப்புகிறார், அவருடைய இடத்தை அடுத்தவர் நிரப்புகிறார். வெற்றிடம் வரிசை நெடுகப் பயணம் செய்கிறது. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஓர் எலக்ட்ரானை அயோடின் பிடுங்கிக்கொள்கிறது. மற்ற எலக்ட்ரான்கள் நகர வழி பிறக்கிறது. அந்த நகர்வுதான் மின்சாரம்!

இந்த இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள் பாலிஅனிலின். புதிய பொருளா? இல்லை. 'அனிலின் கறுப்பு' என்ற பெயரில் பருத்தித் துணிக்குச் சாயமேற்ற 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்பட்ட சரக்குதான் அது. சாயத்தொட்டியில் நூறாண்டு கிடந்த பொருளுக்குள் இப்படி ஓர் ஆற்றல் ஒளிந்திருந்தது! அமிலம் ஏறிய நிலையில் அது பச்சையாக இருந்து மின்சாரத்தைக் கடத்தும். அம்மோனியா வாயு பட்டால் நீலமாக மாறும், மின்கடத்தலும் குறைந்துவிடும். வாயு விலகினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தால், காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியலாம். இதுவே வேதி உணரி. உலோக ஆக்சைடு உணரிகள் பலவற்றை நூற்றுக்கணக்கான டிகிரி சூடாக்க வேண்டும். இதுவோ சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். குறையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் இதன் கணக்கைக் குழப்பும், நாள்பட்டால் திறனும் குறையும். அந்தக் குறைகளைக் களையவே ஆராய்ச்சிகள் தொடர்கின்றன.

நம் நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஏ.க்யூ. காண்ட்ராக்டரும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்திலேயே பாலிஅனிலினோடு நொதிகளைச் சேர்த்து, குளுக்கோஸ், யூரியா போன்றவற்றை அறியும் உணரிகளை உருவாக்கி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மதுரையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. மின்கலம், துரு தடுப்பு, உணரிகள் என்று அங்கே ஆய்வுகள் நடக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலையாவது பார்த்திருக்கிறார்கள்?

ஓர் ஆராய்ச்சியின் பயனை எதை வைத்து அளப்பது? எத்தனை கட்டுரைகள் வந்தன, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பது அறிஞர்களின் கணக்கு. அது தவறில்லை. ஆனால் மக்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது.

2022இல் இதே மதுரையில், நேரு நகர்க் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். மறந்துவிட்டோமா? சாக்கடைக் குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நஞ்சு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினாலோ மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிறோமே, அந்த நேரமே உயிருக்கு உலை! தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது. அது நச்சு வாயுவைக் காட்டாது. உள்ளே மீத்தேன் இருந்தால் வெடித்துவிடும்.

மூக்கு ஏமாறும் இடத்தில் கருவி ஏமாறாமல் இருக்க வேண்டும். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் காட்டும் கையடக்கக் கருவி கடையிலேயே கிடைக்கிறது. மலிவான பிளாஸ்டிக் உணரிகள் முழுமை பெற்றால், ஒவ்வொரு தொழிலாளியின் சட்டையிலும் ஒன்றைக் குத்திவிடும் காலமும் வரலாம். சட்டமும் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனாலும் மனிதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான் என்றால், குறை விஞ்ஞானியிடமா? நம்மிடமா? சிந்தித்துப் பாருங்கள்!

ஆகவே உங்களிடம் வேண்டுவது இரண்டு.

முதலாவது: உங்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், உறிஞ்சு லாரியை மட்டுமே அழையுங்கள். ஐநூறு ரூபாய் மிச்சம் என்று எந்த ஏழையின் மகனையும் உள்ளே இறக்காதீர்கள். தவறி ஒருவர் விழுந்துவிட்டால், காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர்களும் மாண்டதே பல ஊர்களின் அனுபவம். உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இரண்டாவது: "வேதியியல் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டுப் பிள்ளையின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளாதீர்கள். நோபல் பரிசு பெற்ற மெக்டயார்மிட், குடும்ப வறுமையால் இளவயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, வெல்லிங்டனில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எடுபிடியாக வேலை செய்தவர். பாத்திரம் கழுவி, தரையைப் பெருக்கிக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தவர். அந்தப் பையனிடம் அன்று இருந்தது வறுமையும் கேள்வி கேட்கும் மனமும்தான்.

நம் தெருவில் பெருக்கும் பையனிடமும் அந்த மனம் இருக்கலாம். அவன் கையில் துடைப்பத்தோடு புத்தகத்தையும் கொடுப்பது யார் பொறுப்பு? நம் பொறுப்பு! நாளை அவன் செய்யும் ஒரு சிறு கருவி, குழியருகே நிற்கும் ஒருவனிடம் "இறங்காதே!" என்று சொல்லுமானால், ஓர் உயிர் மாலையில் வீடு திரும்பும். மக்கள் கணக்கில் ஆராய்ச்சியின் பயன் அதுதான்.