பட்டறையில் வாழும் தமிழ்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய மேடையில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தொழிலிலும் மொழி வளர்கிறது என்பதே என் விடை.

என்பீல்டு இந்தியா நிறுவனம் 1955இல் சென்னையில் தோன்றியது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான பழைய புல்லட்டின் மூச்சு, கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்திற்கு ஊட்டுவது அதுவே. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் கரும்புகை. மிகுந்தால் இயந்திரம் கொதிக்கும்.

தேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் திருகைத் தொடமாட்டார். பஞ்சுத்தூசி பறக்கும் நம் ஊரில் முதலில் ஏர் பில்டரைத் தூய்மை செய்வார். அது அடைத்திருக்கையில் செய்யும் திருத்தம் பயன் தராது. பின்பு வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடேற்றுவார். ஏர் ஸ்குரூவை இறுக்கிவிடாமல் மெல்ல உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார். அது தொடக்கமே. அங்கிருந்து சிறிது சிறிதாக இருபுறமும் திருப்ப, ஓட்டம் விரைவாகவும் சீராகவும் ஒலிக்கும் இடத்தை அவர் காது தேர்ந்தெடுக்கும். அதன்பின் ஐடிலிங் திருகைத் தளர்த்தி ஓட்டத்தைத் தணிப்பார்.

இத்திருகின் ஆட்சி மெதுவோட்டத்தில் மட்டுமே. நடுவோட்டத்திற்கு ஊசி, முழுவோட்டத்திற்கு மெயின் ஜெட். இறுதிச் சான்று பிளக். அதன் முனை காப்பித்தூள் நிறமாயின் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

இவ்வளவு நுட்பத்தையும் பட்டறையினர் ‘திணறுகிறது’, ‘அடைக்கிறது’, ‘இழுவை இல்லை’ என்னும் சிறு சொற்களால் உணர்த்திவிடுகின்றனர். எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தந்த சொற்கள் அல்ல அவை. நோயைக் காதால் அறிந்தவன் வாயில் பிறந்தவை.

2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் கருவி பெற்றுவிட்டது. கலவையை இப்போது மின்னணுக் கருவி அளக்கிறது. புகை குறைந்தது, அது நன்மையே. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் குரலறிந்த காதுகளோ முதுமை எய்துகின்றன. தொழில் மறைந்தால் சொல்லும் மறையும்.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் இளைஞர்கள் ஏடும் எழுதுகோலுமாகப் பட்டறைகளுக்குச் செல்லட்டும்; அங்குள்ள சொற்களைப் பொருளோடும் செய்முறையோடும் தொகுக்கட்டும். அதுவும் இலக்கியப் பணியே என்று கூறி அமைகிறேன்.