கல்லறைச் சுவர்

தோழர்களே, ஞானஸ்நானத்தில் பழைய மனிதன் செத்தான் என்று நம் பாட்டிகளுக்குச் சொன்னார்கள். அவர்களும் நம்பினார்கள். பிறப்பே இழிவு என்று ஊர் ஏற்றிவைத்த வெட்கத்தை அந்தத் தண்ணீரில்தான் கழுவிப்போட்டார்கள். அது பொய்யில்லை, அந்த விசுவாசத்தை நாம் கேலி செய்யமாட்டோம்.

ஆனால் கோயிலில் நமக்குத் தனி இடம். கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர். செத்தவனுக்குமா தீட்டு? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ நம்மைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. பாமா மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் ‘கருக்கு’ எழுதினார், 1992இல் வெளிவந்தது.

‘பழசை மறந்து மன்னியுங்கள்’ என்று பூசையில் பிரசங்கம் கேட்கிறோம். வெட்கத்தை விட்டுவிட்டோம், பகையையும் விடுகிறோம். அந்தச் சுவர் பழசில்லையே, சாமி. போன வருஷம்தானே வெள்ளையடித்தீர்கள்?